சட்டையோடு தொங்கிய பேட்ஜ்

திருச்சியில் திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் பாய்லர் சாமான் செய்கிற பட்டறைகள் ஏராளம். வெல்டிங் முடிந்த பைப்பைக் கதிர் பாய்ச்சி ஃபிலிமில் படமெடுத்து, உள்ளே ஸ்லாக் என்கிற வெல்டிங் கசடு மாட்டியிருக்கிறதா, கிராக் ஓடியிருக்கிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மெஷினை அணைத்தால் கதிர் நின்றுவிடும். எங்கள் சோர்ஸ் இரிடியம்-192, தானாகவே கதிர் விட்டுக்கொண்டே இருக்கிற உலோகம். அதற்கு ஸ்விட்சே கிடையாது. மிளகு சைஸ் சோர்ஸ், அதை அடைத்து வைக்க 20 கிலோவுக்கு மேல் கனக்கிற பெட்டி. அந்தப் பெட்டிக்குப் பெயர் கேமரா. தள்ளி நின்று கிராங்க்கைச் சுற்றினால் சோர்ஸ் குழாய் வழியாக வெல்டு வரைக்கும் போகும். திருப்பிச் சுற்றினால் உள்ளே வந்துவிடும். வந்துவிட்டதா என்பதைக் கதிரை உடனே காட்டுகிற சர்வே மீட்டரில்தான் பார்க்க வேண்டும், நம் நம்பிக்கையில் அல்ல.

2011 மே மாதம், கத்திரி வெயில். பகலில் ஆள் நடமாட்டம் இருக்கும் என்பதால் எங்கள் வேலை எப்போதும் ராத்திரியில்தான். தகரக் கூரை பகல் சூட்டை அப்படியே வைத்துக்கொண்டிருந்தது. சட்டையைக் கழற்றிப் பக்கத்திலிருந்த பைப் ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, பனியனோடு போய் கான்கிரீட் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஷாட்டுக்கு மூன்று நிமிஷம், மொத்தம் இருபது ஷாட். சட்டைப் பையில் டிஎல்டி பேட்ஜ், அதாவது நம் மேல் பட்ட கதிரைக் கணக்கு வைக்கிற பேட்ஜ், இருந்தது என்பது மறுநாள்கூட எனக்கு உறைக்கவில்லை.

பேட்ஜ் உடனே எதையும் சொல்லாது. உள்ளே ஒரு அலுமினியத் தகடு, அதில் டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வில்லைகள் மூன்று. கதிர் பட்டால் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதம் கழித்து லேபில் சூடாக்கும்போது அதற்கேற்ப வெளிச்சம் விடும், அதை அளந்து, வாங்கிய கதிர் எத்தனை மில்லிசீவர்ட் என்று டோஸ் சொல்வார்கள். சூடாக்கியதும் பழைய கணக்கு அழிந்துவிடும்.

எனக்கு ஆகஸ்டில் ரிப்போர்ட் வந்தது. 118 மில்லிசீவர்ட்.

நம் நாட்டில் எங்களைப் போன்றவர்களுக்கு ஐந்து வருஷச் சராசரி வருஷத்துக்கு 20-ஐத் தாண்டக் கூடாது, எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஒரே மூன்று மாதத் தவணையில் 10 தாண்டினாலே விசாரணை. எனக்கு 118. மேனேஜர் காகிதத்தை நீட்டினார், ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கே சோர்ஸ் வேலையிலிருந்து எடுத்து, டார்க் ரூமில் ஃபிலிம் கழுவ விட்டார்கள். ராத்திரிப் படியும் போச்சு.

எங்கள் ஆர்.எஸ்.ஓ., கதிர் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி, நல்ல மனிதர். திட்டவில்லை. "தம்பி, அந்த மூணு மாசத்துல பேட்ஜ் எங்கெங்க இருந்துச்சுன்னு ஒவ்வொரு நாளா யோசி" என்றார். இரண்டு நாள் கழித்துத்தான் பைப் ஸ்டாண்ட் ஞாபகம் வந்தது. ஃபிலிம் கவரின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டார்: அன்றைக்கு சோர்ஸின் வீரியம் 25 க்யூரி. ஒரு மீட்டரில் க்யூரிக்கு மணிக்குச் சுமார் 5 மில்லிசீவர்ட். இருபது ஷாட், மூன்று நிமிஷம், ஆக ஒரு மணி நேரம். 125. ஸ்டாண்ட் இருந்ததும் ஏறக்குறைய ஒரு மீட்டரில்தான். அந்த மனிதர் முகம் அப்போதுதான் தெளிந்தது. எனக்கு அப்போதுதான் கை நடுங்க ஆரம்பித்தது. சட்டைக்குப் பதில் நான் அங்கே நின்றிருந்தால் என்று தோன்றிவிட்டது.

கணக்கு சரியாக வந்தால் மட்டும் விட்டுவிட மாட்டார்கள். ரத்தம் எடுத்து மும்பை ட்ராம்பேவுக்கு அனுப்பினார்கள். வெள்ளணுக்களை வளர்த்து, குரோமோசோம் ஒடிந்து தப்பாக ஒட்டியிருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிற டெஸ்ட். முடிவு வருகிற வரைக்கும் வீட்டில் மூச்சு விடவில்லை. அம்மா மட்டும், "ஏன்யா ராத்திரி வேலைக்குப் போறதில்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பேட்ஜை அவர் தாயத்து மாதிரி ஏதோ காப்பு என்றே நினைத்திருந்தார். கடைசியில் ரத்தம் சுத்தம் என்று வந்தது, என் 118-க்கு 'நான்-ஜென்யூன்' என்று எழுதி மூடினார்கள். அதாவது, பேட்ஜ் வாங்கியது நிஜம், ஆள் வாங்கவில்லை.

இப்போதெல்லாம் எனக்கு 118-ஐப் பார்த்துப் பயமில்லை, பூஜ்யத்தைப் பார்த்தால்தான் பயம். ஒரு காண்ட்ராக்டரிடம் கொஞ்ச நாள் வேலை பார்த்தேன். பையன்கள் பேட்ஜ் எல்லாம் ஆபீஸ் பீரோவில் கொத்தாகத் தொங்கும். "மாட்டிட்டுப் போனா தொலைச்சிடுவானுங்க" என்பார். ரீடிங் ஏறினால் ஆளை உட்கார வைக்க வேண்டும், அதுதான் விஷயம். பையன்களும் சம்மதம்தான், உட்கார்ந்தால் சம்பளம் போச்சே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் பூஜ்யம் வரும். அதை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. என் தப்பு பெரிய நம்பராக வந்ததால் பத்துப் பேர் ஓடி வந்தார்கள். அங்கே நான் ஒன்றரை மாதம்தான் இருந்தேன்.

இப்போது புதிதாக வந்திருக்கும் பையன், "அண்ணே, பேட்ஜ் மாட்டியாச்சு, சர்வே மீட்டர் பேட்டரியும் பார்த்தாச்சு" என்று நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறான். கெட்டிக்காரன். நான்தான் போன வாரம் பேட்ஜோடு சட்டையை அழுக்குக் கூடையில் போட்டுவிட்டேன், மனைவி பார்க்காமல் சோப்புத் தண்ணீரில் ஊற வைத்துவிட்டாள். லேபுக்குக் கடிதம் எழுத வேண்டும். பதினைந்து வருஷ சர்வீஸில் இதை எப்படி எழுதுவது என்றுதான் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.