ஐரோப்பா முதல் பயணம்: முதலில் இரவுகளை எண்ணுங்கள்

பாரிஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி. முதல்முறை போகிறவர்கள் பலரும் ஆசைப்படுவது இந்த மூன்றுக்கும்தான். 12 இரவு இருந்தால் போதும்: பாரிஸ் 4, சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் 3, இத்தாலியில் ஃபுளோரன்ஸ் 2, ரோம் 3. இதற்குள் ஆம்ஸ்டர்டாமையும் பிராகையும் தயவுசெய்து திணிக்காதீர்கள். ஊர் மாறும் நாளில் காலை 11 மணிவாக்கில் அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் பெரும்பாலும் மதியம் 3 மணிக்குத்தான் அறை கிடைக்கும். ரயில் மூன்று மணி நேரம்தான் என்றாலும் அன்றைய பொழுது போய்விடும்.

விசாவையும் இந்த இரவுக் கணக்குதான் முடிவு செய்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஷெங்கன் ஒப்பந்தத்தில் உள்ள 29 ஐரோப்பிய நாடுகளுக்கும் அது ஒன்றே போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் விசாவுக்குத்தான் விண்ணப்பம். மேலே உள்ள திட்டத்தில் பாரிஸில் இறங்கினாலும் இத்தாலிக்கு 5 இரவு, ஆகவே இத்தாலி விசா. ரோமில் ஓர் இரவைக் குறைத்துப் பாரிஸில் கூட்டினால் பிரான்ஸ். இரண்டும் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. இந்தக் கணக்கும் ஹோட்டல் புக்கிங்கும் ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் சிக்கலாகும்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கும்போது பயணத்துக்கு 15 நாளாவது மீதம் இருக்க வேண்டும். கோடையில் போவதாக இருந்தால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு, சீக்கிரம் பிடித்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் செல்லுபடியாக இருக்க வேண்டும். விசா கைக்கு வந்ததும் ஸ்டிக்கரில் தங்கும் நாட்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். நுழையும் நாள், கிளம்பும் நாள் இரண்டும் கணக்கில் வரும். 12 இரவு என்றால் 13 நாள்.

லண்டனும் வேண்டுமென்றால் அதைத் தொடக்கத்திலோ கடைசியிலோ வையுங்கள். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை, தனி விசா. ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசாவோடு நடுவில் லண்டன் போனால் பாரிஸுக்குத் திரும்ப முடியாது.

விமான டிக்கெட்டை மல்டி-சிட்டியாகத் தேடுங்கள்: சென்னை-பாரிஸ், ரோம்-சென்னை. ரோமிலிருந்து பாரிஸுக்குத் திரும்பி வந்து விமானம் ஏறினால் ஒரு நாளும் பணமும் வீண். விசா வரும்வரை ரத்து செய்யக்கூடிய புக்கிங்கே நல்லது.

பாரிஸின் கார் து லியோன் நிலையத்திலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசெலுக்கு அதிவேக ரயிலில் சுமார் 3 மணி நேரம். அங்கே மாறினால் லூசெர்ன் இன்னும் ஒரு மணி நேரம். இந்த அதிவேக ரயிலுக்கு யூரெயில் பாஸ் (பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களுக்கும் சேர்த்து வாங்கும் ஒரே பாஸ்) இருந்தாலும் இருக்கை முன்பதிவுக்குத் தனிக் காசு. நான்கு ஊருக்குப் பாஸ் தேவைப்படாது என்பதே என் கருத்து; முன்கூட்டி வாங்கும் தனி டிக்கெட்டுகளின் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இத்தாலியில் உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுமுன் பிளாட்பாரத்தில் இருக்கும் மெஷினில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் அபராதம்.

பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். சுவிட்சர்லாந்தின் பணம் யூரோ இல்லை, பிராங்க். கார்டு மெஷின் ரூபாயிலா, உள்ளூர்க் காசிலா என்று கேட்டால் உள்ளூர்க் காசைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதம் கையைக் கடிக்கும்.

ஹோட்டல் புக்கிங், காப்பீடு, திரும்பும் டிக்கெட் மூன்றின் பிரதியும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட வேண்டாம். விசா இருந்தாலும் இமிக்ரேஷனில் கேட்கலாம். பெட்டி வருவது அதற்கப்புறம்தான்.