கிளினிக் துண்டு லாச்சிக்குள் கிடந்தால் புண் ஆறாது

முதியோர் இல்லத்தில் படுக்கைப்புண் உள்ளவருக்குக் கிளினிக் துண்டு, அதாவது வைத்தியசாலைக் கிளினிக்கில் காட்டச்சொல்லி டொக்டர் எழுதுகிற கடிதம், எழுதி வாங்குவது லேசு. அதற்குப் பிறகுதான் பிசகும். துண்டு கிடைத்த அன்றே திகதி, கூடப் போகிறவர், வாகனம் மூன்றையும் கொப்பியில் எழுதுங்கள். களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குப் படுத்தபடி போகவேண்டியவரை ஓட்டோவில் இருத்திக் கொண்டுபோனால் நாரியடிப் புண் இன்னும் நசியும்.

புண்ணின் நீளம், அகலம், ஆழத்தைச் சென்ரிமீற்றரில் அளந்து, மருந்துப் பட்டியலோடு அனுப்புங்கள். ‘பெரிய புண்’ என்றால் டொக்டருக்கு என்ன விளங்கும்?

திரும்பி வந்ததும் எந்த டிரெசிங், எத்தனை நாளுக்கொருக்கா என்பதை இரவில் நிற்கிற தாதியும் வாசிக்கவேண்டும். அதிகம் தவறுவது இதுதான்: பகலில் புது முறை, இரவில் பழைய முறை. கிழமைக்கொருக்கா புண்ணை அளந்து பாருங்கள், 2 கிழமையில் சுருங்காவிட்டால் அடுத்த திகதிவரை பார்த்திருக்காதீர்கள். சீனி வருத்தக்காரரின் காற்புண் சிவந்து வீங்கினாலோ நாற்றம் வந்தாலோ அன்றைக்கே கொண்டுபோங்கள்.