இரண்டு காபி நாடுகள், இரண்டு 350 கிலோமீட்டர்

எத்தியோப்பியாவிலிருந்து திரும்பி நாலு நாள்தான் ஆகிறது. துணிகூட இன்னும் துவைத்து முடியவில்லை. பையைத் திறந்தால் காபிக்கொட்டையும் சாம்பிராணியும் கலந்த வாசனை வருகிறது. அது போவதற்குள் எழுதிவிட வேண்டும்.

2024 டிசம்பரில் இரண்டரை வாரம் வியட்நாம், அப்புறம் ஜனவரி பாதி வரை எத்தியோப்பியா. ஏன் இந்த ஜோடி என்று எல்லோரும் கேட்டார்கள். காரணம் காபி. பிரேசிலுக்கு அடுத்தபடியாக உலகத்தில் அதிகம் காபி விளைவது வியட்நாமில். அரபிகா செடி பிறந்த மண் எத்தியோப்பியா. ஆப்பிரிக்காவில் அதிகம் விளைவதும் அங்கேதான். இரண்டு நாட்டிலும் மக்கள்தொகை பத்துக் கோடிக்கு மேல். இரண்டிலும் நிலம் தனியார் சொத்து கிடையாது, விவசாயிக்கு அனுபவ உரிமைதான். 1990 வாக்கில் இரண்டுமே உலகத்தின் பரம ஏழை நாடுகள். இன்றைக்கு வியட்நாமில் தலைக்கு ஆண்டு வருமானம் நாலாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. எத்தியோப்பியா ஆயிரத்துச் சொச்சத்தில் நிற்கிறது. புள்ளிவிவரத்தில் ஒரு வரியாக இருக்கும் இந்த வித்தியாசம் ஒரு வீட்டு வாசலில் நின்று பார்த்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் கிளம்பினேன்.

விசா, போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு என்று வரிசையாக எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். விசா விஷயம் சுலபம்: இரண்டுக்கும் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், வியட்நாமுக்கு ஒருமுறை நுழைய 25 டாலர். அடுத்தது போக்குவரத்து. அங்கேதான் வயிறு எரிகிறது.

சைகோனிலிருந்து காபித் தலைநகரமான புவோன் மா துவாட் சுமார் 350 கிலோமீட்டர். விமானக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு, பட்ஜெட் தாங்காது என்று படுக்கைப் பேருந்தில் போனேன். மூன்று வரிசை, இரண்டு அடுக்கு. ஏறும்போதே செருப்பைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் கொடுக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது மேலடுக்கில் கடைசிப் படுக்கை. காலை நீட்ட முடியாது, மடக்கவும் முடியாது. நடைபாதை முழுக்க அட்டைப்பெட்டிகள், பெட்டிகளுக்கு நடுவே டிக்கெட் இல்லாமல் ஏற்றிய நாலைந்து பேர் தரையில் படுத்திருந்தார்கள். ஓட்டுநர் இரவு முழுக்க ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. நடுராத்திரியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினார்கள். இறங்குபவர்களுக்கென்று ஒரு கூடை நிறைய பொதுச் செருப்பு. அதைப் போட்டுக்கொண்டு போய் சூடாக ஒரு நூடுல்ஸ் சூப் குடித்ததுதான் அந்த எட்டு மணி நேரத்தில் நடந்த ஒரே நல்ல காரியம்.

விடியாத மூன்றரை மணிக்கு ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டார்கள். பைக் டாக்ஸிக்காரர் மூன்று கிலோமீட்டருக்கு ஒரு லட்சம் டாங் கேட்டார், நாலு டாலர். பேரம் பேசி அறுபதாயிரத்துக்கு ஒப்புக்கொண்டார். இறங்கி, அந்த இருட்டில் மூன்று இருபதாயிரம் தாள்களை எண்ணிக் கொடுத்தேன். அதில் ஒன்று ஐந்து லட்சம் டாங் தாள். இரண்டும் நீலம், இரண்டும் வழவழப்பான பிளாஸ்டிக் தாள். அவர் கைவிளக்கில் பார்த்தார், பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார். இருபது டாலர் போச்சு! இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு அது. வியட்நாம் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் அறிவுரை: ஐந்து லட்சம் தாளைத் தனி உறையில் வையுங்கள்.

எத்தியோப்பியாவில், அடிஸ் அபாபாவிலிருந்து காபி ஊரான ஜிம்மாவும் அதே 350 கிலோமீட்டர்தான். டிக்கெட்டில் புறப்படும் நேரம் 11 மணி என்று இருந்தது. எத்தியோப்பியாவில் மணி விடியலிலிருந்து எண்ணப்படுகிறது. நம்முடைய காலை ஏழு அவர்களுக்கு ஒன்று. மாலை ஏழும் மறுபடி ஒன்றுதான். ஆக, இரவுக் கணக்கில் 11 மணி என்றால் விடியற்காலை ஐந்து. தெரியாமல் பத்தரைக்குப் போய் நின்றால் பேருந்து பாதி வழியைத் தாண்டியிருக்கும். வண்டி அருமையான வண்டி. சாய்ந்து உட்காரலாம், தண்ணீர் பாட்டிலும் கேக்கும் கொடுத்தார்கள், யாரையும் நடைபாதையில் ஏற்றவில்லை. கிபே ஆற்றுப் பள்ளத்தாக்கில் சாலை வளைந்து வளைந்து இறங்கும் இடத்தில் தூக்கம் வந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் மூன்று இடத்தில் ராணுவச் சோதனை. ஒவ்வொரு முறையும் எல்லோரும் இறங்கி அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏற வேண்டும். பக்கத்து இருக்கை அம்மா மூன்று முறையும் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார், ஏறினார். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. பழகிவிட்டது போல.

வியட்நாமில் இரண்டரை வாரம் இருந்தும் ஒரு துப்பாக்கியைப் பார்த்த நினைவில்லை. எத்தியோப்பியாவிலோ வடக்கே டிக்ராய் பகுதியில் நடந்த போர் 2022 நவம்பரில்தான் முடிந்தது. 2023இலிருந்து அம்ஹாரா பகுதியிலும் சண்டை. அங்கிருக்கும் லாலிபெலாவின் பாறைக் கோயில்களைத் தரை வழியாகப் போய்ப் பார்க்கும் ஆசையைக் கைவிட வேண்டியதாயிற்று. பொருளாதாரம் பற்றிப் பேசுபவர்கள் கொள்கை, முதலீடு என்று ஆயிரம் சொல்வார்கள். முப்பது வருஷம் சுடாமல் இருப்பது அதைவிடப் பெரிய முதலீடு என்று அந்த மூன்றாவது சோதனைச் சாவடியில் தோன்றியது.

சரி, காபித் தோட்டத்துக்கு வருவோம்.

புவோன் மா துவாட்டைச் சுற்றி மண் ரத்தச் சிவப்பு. எரிமலைப் பாறை உதிர்ந்த மண். நான் போனபோது அறுவடை நேரம். ஒரு தோட்டக்காரர் வீட்டில் இரண்டு பகல் முழுக்க இருந்தேன், பேச்செல்லாம் கைபேசி மொழிபெயர்ப்பில். முதலில் என் வயதைக் கேட்டார். வயது தெரியாமல் அங்கே யாரையும் கூப்பிடவே முடியாது. அண்ணன், தம்பி, சித்தப்பா என்று உறவு வைத்துத்தான் 'நீ', 'நான்' எல்லாமே. நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தம்பியாகிவிட்டேன்.

அவரிடம் இருப்பது ஒரு ஹெக்டேர் சொச்சம். ரொபஸ்டா வகைக் காபிச் செடிக்கு நடுவே மிளகுக் கொடி, ஓரமாக துரியன் மரம். ஒரு கிணறு, அதில் ஒரு மோட்டார், மோட்டாரிலிருந்து வரிசை வரிசையாகப் பாம்பு மாதிரி நீளும் நீல நிறக் குழாய். அந்த நீலக் குழாயை மறக்க மாட்டேன். மழை இல்லாத மாதங்களில் அதுதான் தோட்டத்துக்கு உயிர். ஹெக்டேருக்கு இரண்டரை டன் மூன்று டன் என்று எடுக்கிறார்கள், உலகத்திலேயே உச்சமான விளைச்சல்களில் ஒன்று. அந்த வருஷம் விலையும் கூடிவந்தது: கிலோ ஒரு லட்சம் டாங்கைத் தாண்டியது. முற்றத்தில் தார்ப்பாயில் காயும் கொட்டையைக் காட்டி, 'அது என் பைக், அது என் கூரை' என்றார். மகள் வடக்கே பாக் நின்னில் கைபேசித் தொழிற்சாலையில் வேலை. மாதாமாதம் பணம் அனுப்புகிறாள். பெரிய நகரங்களில் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் அப்போது மாதம் 49,60,000 டாங்காக இருந்தது, இருநூறு டாலருக்குக் கொஞ்சம் குறைவு. எத்தியோப்பியாவில் தனியார் வேலைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒரு சட்டமே கிடையாது.

வியட்நாமுக்கு இதெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. 1986 டிசம்பர் கம்யூனிஸ்ட் கட்சி மாநாட்டில் 'டோய் மோய்' என்று சீர்திருத்தம் தொடங்கியது. கூட்டுப்பண்ணை நிலம் குடும்பங்களின் கைக்கு வந்தது. ரேஷனில் அரிசிக்கு வரிசையில் நின்ற நாடு, 1989இல் அரிசி ஏற்றுமதி செய்தது. 1993 நிலச் சட்டத்துக்குப் பிறகு அனுபவ உரிமையை விற்கலாம், அடகு வைத்துக் கடனும் வாங்கலாம். தோட்டக்காரர் அந்த உரிமைக்கான சான்றை, தன் 'சிவப்புப் புத்தகத்தை', பிளாஸ்டிக் உறையோடு எடுத்துவந்து காட்டினார். மோட்டார் வாங்கிய கடன் அதன் மேல் வாங்கியதுதான். விலையும் கொடுத்திருக்கிறார்கள்: அந்த மலைக் காடு பெரும்பகுதி போய்விட்டது, நிலத்தடி நீர் இறங்குகிறது. கிணற்றை எத்தனை முறை ஆழப்படுத்தினீர்கள் என்று கேட்டேன். மூன்று விரலைக் காட்டினார்.

ஜிம்மாவுக்கு வெளியே நான் பார்த்த தோட்டத்தைத் தோட்டம் என்று சொல்லவே தயக்கமாக இருந்தது. காடு. பெரிய மரங்களின் நிழலில், யார் நட்டது என்றே தெரியாத மாதிரி காபிச் செடிகள். பல்கலைக்கழக மாணவர் ஒருவர் மொழிபெயர்க்கக் கூட வந்தார். உரம் இல்லை, மோட்டார் இல்லை, குழாய் இல்லை. ஹெக்டேருக்கு ஒரு டன்னைக்கூட எட்டாது. உலகச் சந்தையில் வழக்கமாக ரொபஸ்டாவைவிட அரபிகாவுக்குத்தான் விலை அதிகம். அப்படியிருந்தும் இந்தக் குடும்பத்துக்கு மின்சாரம் இல்லை. நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இல்லை. நீல நைலில் 2011இல் கட்டத் தொடங்கிய பெரிய அணைக்காகச் சம்பளத்தில் பிடித்துக் கடன்பத்திரம் வாங்கிய கதையை அடிஸில் ஒரு ஆசிரியர் அவ்வளவு பெருமையாகச் சொன்னார். கம்பி இன்னும் இந்தக் கிராமத்துக்கு வரவில்லை.

தண்ணீர், மஞ்சள் நிற கேனில் வருகிறது. இருபது லிட்டர் கேன், மூடி தொலைந்து அந்த இடத்தில் மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையைத் துணி சுற்றி அடைத்திருந்தார்கள். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி முதுகில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ஏறி வந்தாள். ஒரு நடைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, பள்ளிக்கூடம் இருக்கும் நாளில் ஒரு நடைதான் போவேன் என்று பதில் சொன்னாள். நான் நினைத்தது அந்த நீலக் குழாயைத்தான். இந்த ஜனங்களுக்கு உழைப்பு போதாது என்று யாராவது இனி என்னிடம் சொன்னால் சண்டைக்கே போய்விடுவேன்.

நிலத்தை இங்கே விற்க முடியாது, 1995 அரசியலமைப்பே தடுக்கிறது. 1993இல் எரித்ரியா பிரிந்த பிறகு கடற்கரையும் இல்லை. மூட்டை மூட்டையாக ஏறக்குறைய எல்லாமே பக்கத்து நாடான ஜிபூட்டியின் துறைமுகம் வழியாகத்தான் போய் வர வேண்டும். வியட்நாமுக்கோ மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை. எத்தியோப்பியாவில் டாலர் பஞ்சம் எவ்வளவு என்றால், பெட்ரோல் வாங்கக் காசில்லாமல் 2024இல் பெட்ரோல், டீசல் கார் இறக்குமதியையே நிறுத்திவிட்டார்கள். அடிஸ் தெருவெங்கும் சீன மின்சாரக் கார்கள் ஓடுவது அதனால்தான். அதே வருஷம் ஜூலையில் தங்கள் நாணயமான பிர்ரின் மதிப்பைச் சந்தைக்கு விட்டார்கள். டாலருக்கு 57 ஆக இருந்தது, நான் போனபோது 120ஐத் தாண்டியிருந்தது. எனக்கு லாபம். எண்ணெய் வாங்கும் உள்ளூர்க்காரருக்கு இடி. அந்த லாபமும் எனக்கு முழுசாகக் கிடைக்கவில்லை, விடுதிகளில் வெளிநாட்டவருக்கு டாலரில்தான் விலை. வெள்ளைக்காரரை, பொதுவாக வெளிநாட்டவரை, அங்கே 'ஃபெரெஞ்சி' என்கிறார்கள். நம் பறங்கிதான்! அந்தச் சொல்லைக் கேட்டதும் ஊருக்கே வந்த மாதிரி இருந்தது, பறங்கி விலை கொடுக்கும்போது மட்டும் கசந்தது.

சாப்பாடு என்றால் நான் எத்தியோப்பியா பக்கம். வியட்நாமில் காலை நாலரைக்கே ஃபோ என்ற நூடுல்ஸ் சூப் கொதிக்கிறது, நாற்பதாயிரம் டாங்குக்கு வயிறு நிறைகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடிஸில் நான் இறங்கியது அவர்களுடைய கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பில். ஜனவரி 7 வரை இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. அடிஸின் பழைய பகுதியான பியாசா பக்கம் ஒரு சின்னக் கடையில், பல கறிகள் வைத்த பெயாய்னெட்டு தட்டு கேட்டேன். பழைய பியாசாவில் பெரும்பகுதியை 2024இல் இடித்து, பளபளவென்று நடைபாதையும் விளக்கும் போட்டிருக்கிறார்கள். அங்கே குடியிருந்தவர்கள் ஊருக்கு வெளியே போய்விட்டார்கள். அந்தக் கடை எப்படியோ தப்பியிருக்கிறது. பெரிய தட்டை முழுசாக மூடியபடி ஒரு இன்ஜெரா; புளித்த தோசை மாவின் அதே வாசனை, ஓட்டை ஓட்டையாகப் பஞ்சு மாதிரி. அதன் மேல் கடலைமாவில் கொதித்த ஷிரோ, சிவப்புப் பருப்பு, மஞ்சள் பருப்பு, கீரை, பீட்ரூட், முட்டைக்கோஸ். கரண்டி கிடையாது, கைதான். முதல் வாயிலேயே கண் கலங்கிவிட்டது, மிளகாய் காரணமல்ல. எதிரில் இருந்த பெரியவர் ஷிரோவில் ஒரு உருண்டை தோய்த்து என் வாயில் ஊட்டினார். 'குர்ஷா' என்கிறார்கள், அன்பின் அடையாளம். 250 பிர், இரண்டு டாலர். அடுத்த ஐந்து நாளும் அங்கேதான் சாப்பிட்டேன்.

ஜிம்மா வீட்டில் புறப்படும் முன் காபி. அந்த அம்மா பச்சைக் கொட்டையைக் கழுவி, கரி அடுப்பில் வறுத்து, புகை வரும் சட்டியை ஒவ்வொருவர் முகத்துக்கும் நேரே கொண்டுவந்து காட்டினார். உரலில் இடித்து, கழுத்து நீண்ட மண்குடுவையில் கொதிக்கவைத்தார். மூன்று சுற்று குடிக்காமல் எழுந்தால் மரியாதை இல்லை. மின்சாரமும் குழாயும் இல்லாத வீட்டில், நாட்டின் முக்கிய ஏற்றுமதிப் பொருளின் நல்ல கொட்டை முதலில் வீட்டுக்குத்தான். எத்தியோப்பியா விளைவிப்பதில் ஏறக்குறைய பாதியைத் தானே குடித்துவிடுகிறது. டாலர் கணக்குப் பார்ப்பவர்களுக்கு அது நஷ்டமாகத் தெரியலாம். எனக்கு அந்த நாட்டில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

இரண்டாவது சுற்றில் வியட்நாம் தோட்டக்காரரின் படங்களைக் காட்டினேன். நீலக் குழாயைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார்கள். அந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இவ்வளவு விளைகிறதே, அவர் வீட்டில் எத்தனை சுற்று குடிப்பார்கள்? அவர் வீட்டில் டீதான் குடிக்கிறார், காபி வெறும் வயிற்றில் சேராதாம் என்றேன். மாணவர் மொழிபெயர்த்தார். தப்பாகச் சொல்லிவிட்டாய், என்னிடம் திரும்பக் கேள் என்று அந்த அம்மா மாணவரிடம் சொன்னார். நான் மறுபடி டீ என்றேன். அந்த அம்மா குடுவையைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் படத்தில் இருக்கும் மனிதரை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு சுருக்குப் பையில் பச்சைக் கொட்டையை அள்ளிப் போட்டு, இறுக்கிக் கட்டி என் கையில் கொடுத்தார். அவருக்கு அனுப்பு என்றார்.