கதவு திறந்துதான் இருந்தது

வெளிநாட்டு வேலைக்குப் போய், சிக்கலில் மாட்டித் திரும்புகிறவர்களுக்கான உதவி மையத்தில் வேலை பார்க்கிறேன். ஆள் கடத்தல் என்றதும் வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு போவதைத்தான் பலரும் நினைக்கிறார்கள். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் முறையான விசாவோடு விமானம் ஏறியவர்கள். "நானாத்தானே கையெழுத்துப் போட்டேன், யாரைக் குறை சொல்ல?" என்பார்கள்.

ஆள் கடத்தலைத் தடுக்க ஐ.நா. 2000-இல் ஏற்றுக்கொண்ட பலேர்மோ நெறிமுறை அப்படிப் பார்ப்பதில்லை. சுரண்டுவதற்காக ஏமாற்றியோ மிரட்டியோ ஆள் சேர்த்திருந்தால், அந்தச் சம்மதம் செல்லாது. 18 வயதுக்குட்பட்டவர் என்றால் ஏமாற்றினார்களா என்றுகூடப் பார்க்க வேண்டியதில்லை.

நான் "அடித்தார்களா?" என்று ஆரம்பிப்பதில்லை. "கிளம்புவதற்கு எவ்வளவு கடன் வாங்கினீர்கள்?" என்றுதான் கேட்பேன். அதைச் சொல்ல ஆரம்பித்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

ஒரு பெண் தன் போனில் இரண்டு ஒப்பந்தங்களைக் காட்டினார். கிளம்பும்போது கொடுத்ததில் அலுவலகத் துப்புரவு, எட்டு மணி நேரம், வாரம் ஒருநாள் விடுமுறை. போய் இறங்கியதும் நீட்டியது அவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இருந்தது. வீட்டு வேலை, சம்பளமும் குறைவு. 'பத்திரமாக இருக்கட்டும்' என்று பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். முதல் சில மாதச் சம்பளம் ஏஜென்ட் கமிஷனுக்குப் பிடித்தம். ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. "கதவு திறந்துதான் இருந்தது மேடம்" என்றார். சரி, எங்கே போவது? முதலாளியோடு விசாவைக் கட்டிப்போடும் நாடுகளில், வாசலைத் தாண்டினால் 'ஓடிப்போனவர்' என்று தொழிலாளி மேலேயே புகார் போகும்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்குச் சொல்லும் 11 அறிகுறிகளில் ஆவணப் பறிப்பு, சம்பளத்தை நிறுத்திவைப்பது, கடன் பிணை (கடனைக் காட்டி வேலையில் கட்டிப்போடுவது) மூன்றும் உண்டு. 2021-இல் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் இருந்ததாக அதன் மதிப்பீடு. புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் அதில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல மூன்று மடங்குக்கும் மேல். தொழிலாளியிடம் கமிஷன் வாங்கக்கூடாது என்று அந்த அமைப்பின் 1997 உடன்படிக்கை பொதுவிதியாகவே சொல்கிறது. பல நாடுகள் அதை ஏற்கவே இல்லை.

'ஏமாறாதீர்கள்' என்ற சுவரொட்டிகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். பெண்கள் போகவே கூடாது என்று தடை போடுவது இன்னும் மோசம்; போகிறவர்கள் திருட்டு வழியில் போவார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணின் புகாரைப் போலீஸ் 'சம்பளத் தகராறு' என்றது; தொழிலாளர் துறை 'போலீஸ் விவகாரம்' என்றது. முதல் ஒப்பந்தத்தின் படம் இருந்ததால் பாக்கிச் சம்பளத்தில் ஒரு பகுதி கிடைத்தது. கமிஷன் பணம் வரவில்லை. அதற்கு ஏஜென்ட் ரசீது கொடுத்திருந்தால்தானே.