சிடி34 ஸ்லைடும் எண்ணிக்கைத் தகராறும்

மும்பையில் பரேல் பக்கம் ஒரு பெத்தாலஜி லேபில் ஸ்லைடு போடுவதுதான் என் வேலை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பயாப்ஸி வராத வாரமே கிடையாது. அதில் டாக்டர்கள் அடிக்கடி கேட்கும் மார்க்கர் (நோயை அடையாளம் காட்டும் புரதம்) பி16. இந்தப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமான எச்பிவி வைரஸின் இ7 புரதம், செல்லுக்குள் காவல்காரன் மாதிரி நிற்கிற ஆர்பி புரதத்தை முடக்கிவிடும், அது முடங்கினால் பி16 கட்டுப்பாடில்லாமல் குவியும். ஸ்டெயின் (சாயம்) போட்டால் விட்டுவிட்டுத் தெரியாமல் பட்டையாக ஒரே பழுப்பு. பெரும்பாலும் வாக்குவாதம் வராது.

ரத்தக்குழாய் சமாச்சாரம் அப்படியில்லை. கட்டி சில மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமென்றால் அதற்குப் புதிய ரத்தக்குழாய்கள் வேண்டும் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-லேயே சொல்லிவிட்டார். எச்பிவி-யின் இ6 புரதமும் ரத்தக்குழாய்களை வளரவைக்கும் விஇஜிஎஃப் என்ற புரதத்தின் சுரப்பைத் தூண்டி அதற்கு வழி செய்கிறது. கால்போஸ்கோப்பி (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை) செய்பவர்கள் பச்சை ஃபில்டர் போட்டு, கோணல்மாணலாக ஓடும் குழாய்களைத் தேடுவதும் இதனால்தான்.

மதுரையிலிருந்து வந்து இங்கே எம்டி படிக்கும் ஒரு டாக்டரின் தீசிஸே (ஆய்வேடே) கட்டிக்குள் இருக்கும் ரத்தக்குழாய் எண்ணிக்கைதான். நான் திசுவை 4 மைக்ரான் தடிமனில் வெட்டி, சிட்ரேட் பஃபரோடு பிரஷர் குக்கரில் வைத்து (நிஜமாகவே குக்கர்தான், வீட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள்) ரத்தக்குழாயின் உள்சுவர்ச் செல்களைப் பழுப்பாகக் காட்டும் சிடி34 ஸ்டெயின் போட்டுக் கொடுப்பேன். முதலில் குறைந்த பவரில் குழாய்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும், அப்புறம் அங்கே 200 மடங்கில் எண்ண வேண்டும். நடுவில் துவாரமே தெரியாவிட்டாலும், தனியாக நிற்கும் ஒரு பழுப்புச் செல்லும் ஒரு குழாய் என்றுதான் கணக்கு.

"அண்ணா, நான் எண்ணினா ஒண்ணு வருது, என் கைடு சார் எண்ணினா வேற வருது" என்று புலம்பினார்.

"ரெண்டு பேரும் ஒரே இடத்தையா பாத்தீங்க மேடம்?"

இல்லை. தகராறு பெரும்பாலும் எண்ணுவதில் இல்லை, இடம் பிடிப்பதில்தான் இருக்கிறது. போதாததற்கு சிடி34 பழைய குழாய், புதுக்குழாய் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் பழுப்பாக்கிவிடும். இப்போது இடத்தைப் போட்டோ எடுத்து இருவரும் அதிலேயே எண்ணுகிறார்கள், வித்தியாசம் குறைந்திருக்கிறது. ஆனால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது ஒருவரின் கண்தானே.

அளப்பதற்கு இவ்வளவு பாடு, மருந்து மட்டும் எப்போதோ வந்துவிட்டது. விஇஜிஎஃப்-ஐத் தடுக்கும் பெவசிசுமாபைக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தபோது, நோய் முற்றியவர்களின் சராசரி ஆயுள் (மீடியன் கணக்கு) 13.3 மாதத்திலிருந்து 17 மாதமானது என்று ஜிஓஜி 240 ஆய்வு 2014-ல் சொன்னது. அதைக் கொடுக்கலாமா என்று முடிவு செய்யப் புற்றுநோய் டாக்டர்கள் லேபிலிருந்து எந்த மார்க்கரும் கேட்பதில்லை. நோய் எவ்வளவு பரவியிருக்கிறது, உடம்பு தாங்குமா, ஏற்கெனவே கதிர்வீச்சு வாங்கியவர் என்றால் ஃபிஸ்டுலா (உறுப்புகளுக்கிடையே ஓட்டை) வந்துவிடுமோ என்பதெல்லாம்தான் அவர்கள் பார்ப்பது. நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் பெம்ப்ரோலிசுமாப் மருந்து என்றால் மட்டும் பிடி-எல்1 மார்க்கர் ரிப்போர்ட் எங்கே என்று போன் வந்துவிடும்.

குழாய் எண்ணிக்கையை ரிப்போர்ட்டிலும் போடலாமே என்று தீசிஸ் செய்யும் அந்த டாக்டர் கேட்டார். எனக்கென்னவோ ஒப்பவில்லை. தீசிஸில் தாராளமாகப் போடட்டும்.