ஒரு குழந்தைக்கு ஒரு வரி: மாவட்டத்தில் பொதுத் தரவு அறிக்கை உருவான அனுபவம்

தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத்தில், குழந்தைகள் பாதுகாப்பு அலகில் தரவு பகுப்பாய்வாளராக ஒப்பந்தப் பணியில் இருக்கிறேன். மாவட்ட ஆட்சியர் நடத்திய காலாண்டு ஆய்வுக் கூட்டம் ஒன்றில், அந்தக் காலாண்டில் எத்தனை குழந்தைத் திருமணங்கள் குறித்துத் தகவல் வந்தது என்று கேட்டபோது, சமூக நல அலுவலகமும் குழந்தைகளுக்கான 1098 தொலைபேசி உதவி மையமும் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகள் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவும் மூன்று வெவ்வேறு எண்களைச் சொன்னார்கள். ஆட்சியர் கோபப்படவில்லை. எது சரி என்று மட்டும் கேட்டார். அறையில் இருந்த எவராலும் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த கூட்டத்துக்குள் எல்லோருக்கும் பொதுவான ஓர் அறிக்கையைத் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அதை ஒழுங்காகச் செய்து முடிக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

மூன்று எண்களும் பொய்யில்லை என்பதைப் புரிந்துகொள்ளவே முதல் மாதம் போதவில்லை. உதவி மையம் அழைப்புகளை எண்ணியது. ஒரே சிறுமிக்காகப் பக்கத்து வீட்டுக்காரரும் பள்ளி ஆசிரியையும் தனித்தனியே அழைத்தால் அங்கே இரண்டு பதிவுகள். சமூக நல அலுவலகம், குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் என்ற முறையில், தடுத்து நிறுத்திய திருமணங்களை எண்ணியது. குழந்தைகள் நலக் குழு தன் முன் ஆஜர்படுத்தப்பட்ட சிறுமிகளை மட்டும் எண்ணியது. பெற்றோரிடம் உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டு ஊரிலேயே முடித்துவிட்ட தகவல்கள் குழுவின் பதிவேட்டுக்கு வருவதே இல்லை. எண்ணப்பட்ட பொருளே வேறு வேறாக இருந்ததால், கூட்டிக் கழித்துச் சரிசெய்யும் வழியும் இல்லை.

என் முதல் முயற்சி தவறானது. நாற்பதுக்கும் மேற்பட்ட பத்திகள் கொண்ட எக்செல் படிவம் ஒன்றைத் தயாரித்து எல்லா அலுவலகங்களுக்கும் மின்னஞ்சலில் அனுப்பினேன். இரண்டு மாதங்களில் இரண்டே இடங்களிலிருந்து, அதுவும் பாதி நிரப்பப்பட்ட நிலையில், திரும்பி வந்தது. ஊழியர்களின் அலட்சியம் என்று அப்போது நினைத்தேன். பிறகு ஒவ்வோர் அலுவலகத்துக்கும் சென்று, அவர்களின் பதிவேடுகளுக்கு அருகில் நாள் முழுவதும் உட்கார்ந்து பார்த்தபோதுதான், மாநிலத் தலைமைக்கு ஒன்று, ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் இணையதளத்துக்கு ஒன்று, துறைக்கு ஒன்று என்று ஏற்கெனவே அவர்கள் ஒரே தகவலைப் பல முறை எழுதிக்கொண்டிருப்பது தெரிந்தது. நான் கேட்டது இன்னுமொரு முறை.

அந்த நாட்களில் பார்த்த சின்னச் சின்னத் தடைகளைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பொதுத் தரவு என்ற பெரிய பேச்சு அங்கேதான் தடுக்கி நிற்கிறது. ஓர் அலுவலகத்திலிருந்து வந்த பட்டியல் வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்ததால், யூனிகோடு மட்டும் இருந்த எங்கள் கணினியில் குறிகளும் கோடுகளுமாகத் திறந்தது. பிறந்த தேதி பல இடங்களில் ஆதாரைப் பார்த்து ஜனவரி 1 என்று எழுதப்பட்டிருந்தது. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 94ஆம் பிரிவோ பள்ளிச் சான்றையும் அடுத்து உள்ளாட்சி அமைப்பு வழங்கிய பிறப்புச் சான்றையும்தான் வயதுக்கு ஆதாரமாகக் கேட்கிறது. எல்லாவற்றையும்விடக் கடினமானது பெயர். காவல் நிலையத்தில் 'எம். கார்த்திகா' என்றிருப்பவள் உதவி மையத்தில் 'கார்த்திகா மு', பள்ளியில் 'கார்த்திகாதேவி'. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் முதலெழுத்து தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் வேறொன்று. பெயரை வைத்துக் குழந்தைகளை இணைக்கும் எண்ணத்தை அத்துடன் கைவிட்டேன்.

பிறகு எட்டப்பட்ட முடிவு எளிமையானது: எல்லோருக்கும் பொதுவான கோப்பில் ஒரு குழந்தைக்கு ஒரு வரி. எந்த அலுவலகத்துக்கு முதலில் தகவல் வந்தாலும், அவர்கள் எங்கள் அலகை அழைத்து ஓர் எண்ணைப் பெற வேண்டும். அந்த எண்ணைத் தங்கள் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பத்திகளைப் பதினான்காகக் குறைத்தேன். அவற்றில் பாதிக்கு மேல் தேதிகள்: தகவல் வந்த நாள், குழுவுக்குத் தெரிவித்த நாள், குழந்தையின் குடும்பச் சூழல் பற்றிய சமூக விசாரணை அறிக்கை கேட்ட நாள், அது வந்த நாள், ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்) முதன்முறை சந்தித்த நாள் போன்றவை. சட்டம் காலக்கெடு விதித்திருக்கும் இடங்களையே தேர்ந்தெடுத்தேன். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் ஆஜர்படுத்த வேண்டும். சமூக விசாரணை அறிக்கை 15 நாட்களுக்குள் வர வேண்டும். விசாரணை நான்கு மாதங்களில் முடிய வேண்டும்.

எதிர்ப்பு வந்தது, நியாயமான எதிர்ப்பு. சிறப்பு சிறார் காவல் பிரிவின் பெண் ஆய்வாளர் ஒருவர் என்னிடம் நேரடியாகவே கேட்டார்: "இந்தத் தேதிகளையெல்லாம் போட்டால் தாமதம் முழுக்க எங்கள் தலையில்தானே விழும், சார்? மெமோ வாங்கப்போவது நாங்கள்தானே?" அவருடைய அச்சம் பொய்யென்று என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் ஆட்சியரிடம் பேசி, முதல் இரண்டு காலாண்டுகளுக்கு அலுவலகங்களை ஒப்பிடும் அட்டவணை எதையும் கூட்டத்தில் வைப்பதில்லை என்ற ஒப்புதலைப் பெற்றார். அந்த ஒப்புதல் இல்லையென்றால் எங்களுக்கு உண்மையான தேதிகள் வந்திருக்காது என்றே நம்புகிறேன். தரவைத் தருபவரைத் தண்டிக்கும் அறிக்கைக்கு அழகான தரவுதான் வரும்.

அதன் பயனை ஐந்தாவது மாதத்தில் கண்டோம். போக்சோ சட்டத்தின் 19(6) பிரிவின்படி, வழக்கு பற்றிய தகவலைக் காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். அதற்கென 2020ஆம் ஆண்டு விதிகளில் படிவம் பி இருக்கிறது. முதல் தகவல் அறிக்கைகளின் பட்டியலையும் குழுவுக்கு வந்த படிவங்களின் பட்டியலையும் அந்த ஆய்வாளரும் நானும் அருகருகே வைத்து, அடிக்கோலால் வரி வரியாகச் சரிபார்த்தோம். இரண்டு குழந்தைகளுக்குப் படிவம் வந்திருக்கவில்லை. நிலையத்தில் எழுதப்பட்டிருந்தது, அனுப்பியதாக எல்லோரும் நினைத்திருந்தார்கள். வழக்கு நெடுகிலும் குழந்தையுடன் இருக்க வேண்டிய ஆதரவு நபர் அவர்களுக்கு நியமிக்கப்படாமலே வாரங்கள் கடந்திருந்தன. ஆய்வாளர் அங்கேயே தொலைபேசியை எடுத்தார். இரண்டு குழந்தைகளின் வரிகளும் மறுநாளே குழுவின் முன் வந்தன. இந்த வேலையில் எனக்கு நம்பிக்கை முழுமையாக வந்தது அன்றுதான்.

அடையாளத்தைக் காப்பது பற்றி நான் தொடக்கத்தில் போதிய அளவு யோசிக்கவில்லை. அதுவரை பெயர், ஊர், பள்ளி எல்லாம் அடங்கிய பட்டியல்கள் வாட்ஸ்அப் குழுக்களில் படமாகப் போய்க்கொண்டிருந்தன. அனுப்பியவர்கள் உதவும் அவசரத்தில் அனுப்பினார்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடைசெய்கிறது. எனவே பொதுக் கோப்பில் பெயரே கிடையாது என்று வைத்தோம். எண்ணையும் பெயரையும் இணைக்கும் ஒரே பதிவேடு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரின் அறையில் இரும்பு பீரோவில் இருக்கிறது. இத்துடன் முடிந்தது என்று நினைத்தபோது, குழுவின் உறுப்பினர் ஒருவர் சுட்டிக்காட்டினார்: சிறிய ஒன்றியம் ஒன்றில், 12 வயதுக்குக் கீழ், போக்சோ, எண்ணிக்கை 1 என்று அச்சிட்டால், அந்த ஊரில் அது யாரென்று எல்லோருக்கும் தெரியும். அன்று முதல், கூட்டத்துக்கான அறிக்கையில் ஐந்துக்குக் குறைவான எண்ணிக்கைகளை ஒன்றிய வாரியாகக் காட்டுவதில்லை. மாவட்ட மொத்தத்தில் மட்டும் சேர்க்கிறோம்.

மீண்டும் குழந்தைத் திருமணத்துக்கு வருகிறேன், ஏனெனில் நீண்ட வாக்குவாதம் அங்கேதான் நடந்தது. 'முடிந்தது' என்ற சொல்லை எப்போது எழுதலாம்? உறுதிமொழிக் கடிதம் வாங்கியவுடன் முடிந்தது என்பது பழைய வழக்கம். மண்டபத்தில் நிறுத்தப்பட்ட திருமணம் சில வாரங்களுக்குப் பிறகு வேறு ஊர்க் கோயிலில் நடந்துவிடுவதைக் களத்தில் இருக்கும் ஊர்நல அலுவலர்கள் அனைவரும் அறிவார்கள். அவர்களில் ஓர் அம்மாதான் சொன்னார், கடிதத்தைக் கேட்காதீர்கள், பிள்ளை பள்ளிக்கு வருகிறாளா என்று கேளுங்கள் என்று. அவர் சொன்னபடியே, முதல் மாதமும் ஆறாம் மாதமும் நேரில் பார்த்த தேதி இருந்தால் மட்டுமே வரியை முடிக்கலாம் என்று மாற்றினோம். முடிக்கப்படாத வரிகள் ஒரே காலாண்டில் பெருகின. ஒவ்வோர் அறிக்கையின் முதல் பக்கத்திலும், எண்ணிக்கை உயர்ந்திருப்பது பதிவு மேம்பட்டதாலும் இருக்கலாம், இதை மட்டும் வைத்து நிலைமை மோசமாகிவிட்டதாகக் கொள்ள வேண்டாம் என்று எழுதி வருகிறேன்.

செங்கல் சூளைகளுக்கு வந்து சில மாதங்களில் திரும்பிப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்த முறை இன்னும் பொருந்தவில்லை. அவர்கள் வேறு மாவட்டத்துக்குச் சென்றதும் எங்கள் எண்ணுக்கு அங்கே பொருள் இல்லை. இப்போதைக்கு, அத்தகைய வரிகளை அந்த மாவட்ட அலகுக்கு மூடிய உறையில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வரும்வரை முடிக்காமல் வைத்திருக்கிறோம். மாதந்தோறும் முதல் செவ்வாய்க்கிழமை எல்லா அலுவலகங்களிலிருந்தும் ஒவ்வொருவர் வந்து உட்காருகிறார்கள். பத்திகளில் தேதி விழாத வரிகளை மட்டும் எண்ணைச் சொல்லி வாசிக்கிறேன், யாருடையதோ அவர் எழுதிக்கொள்கிறார்.