அச்சே மக்கள் வரலாறு: தேர்வுக்கு நான் படித்த விதம்

முதுகலை வரலாற்றில் எனக்கு இப்படி ஒரு தாள் இருந்தது. தென்கிழக்காசியாவில் ஏதாவது ஒரு சமூகத்தை எடுத்துக்கொண்டு அதன் தோற்றம், வரலாறு, பண்பாடு மூன்றையும் படித்து எழுத வேண்டும். மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு, அப்புறம் இருபது நிமிட நேர்முகம். இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவில், அதன் வட முனையில் வாழும் அச்சே மக்களை நான் எடுத்தேன். பினாங்கில் வளர்ந்த எனக்கு அது அந்நியமான பெயர் இல்லை. லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் நடந்தால் லெபோ அச்சே வந்துவிடும். அந்தத் தெருவின் பழைய பள்ளிவாசல், அச்சேயிலிருந்து வந்த ஒரு வணிகர் 1808-இல் கட்டியது. நாங்கள் பாட்டுக் கேட்டு வளர்ந்த பி. ராம்லியின் அப்பாவும் அச்சேயின் லொக்சூமாவே ஊர்க்காரர்தான்.

இந்தத் தலைப்பை இனி எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எதை முதலில் படித்தால் மற்றது தானாக வந்து சேரும் என்பது எனக்குப் பாதி ஆண்டு போன பிறகுதான் பிடிபட்டது.

என் முதல் வரைவு இப்படித் தொடங்கியது: 'அச்சே என்பது அராப், சீனா, எரோப்பா, ஹிந்தியா என்ற நான்கு பெயர்களின் முதலெழுத்து, இம்மக்கள் அந்த நான்கின் கலப்பு.' அச்சேயில் பலரும் பெருமையோடு சொல்வது இது. விரிவுரையாளர் அந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் 'இது சான்றா, சொலவடையா?' என்று எழுதித் தந்தார். அந்த ஐரோப்பிய எழுத்து முறை அங்கே புழங்குவதற்கு முன்பே ஊருக்குப் பெயர் இருந்ததே, பிறகு எப்படி அது முதலெழுத்துகளால் ஆன பெயராகும்? அன்றிலிருந்து நோட்டில் ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் 'சா' அல்லது 'சொ' என்று போட ஆரம்பித்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தோற்றம் பற்றிய கேள்விக்கு மதிப்பெண் கிடைப்பது இந்தப் பிரிப்பில்தான்.

சரி, சான்று எது? முதல் சான்று அவர்கள் மொழி. இதை மூன்று பத்தி போட்டுப் படித்தேன்: மலாய், அச்சே, சாம். சாம் என்பது பழைய சம்பா நாட்டு மக்களின் மொழி. இன்றும் வியட்நாமிலும் கம்போடியாவிலும் பேசப்படுகிறது. மலாயில் கல்லுக்கு 'பத்து', நம் பத்துமலையில் இருக்கிற அதே பத்து. அச்சேயில் அது 'பத்தே', சாமில் 'பதாவ்'. மயிர், இறகு இவற்றுக்கு மலாயில் 'புலு', அச்சேயில் 'புலே', சாமில் 'பலாவ்'. மலாயில் உகரத்தில் முடிகிற சொற்கள் மற்ற இரண்டிலும் ஒழுங்காக மாறுகின்றன. தண்ணீர் மலாயில் 'ஆயேர்', அச்சேயில் 'இயே', சாமில் 'இயா'. ஒன்றிரண்டு சொல் ஒத்துப்போனால் கடன் என்று தள்ளிவிடலாம். ஆனால் ஒலிமாற்றம் வரிசையாக ஒத்துப்போனால் அது உறவு. மலாய், சாம் எல்லாமே ஆஸ்திரோனேசியக் குடும்பம்தான் என்றாலும், அச்சே மொழிக்கு மிக நெருங்கிய சொந்தம் கடலுக்கு அந்தப் பக்கம் சம்பாவில் இருக்கிறது. பக்கத்து வீடு மலாய், உடன்பிறந்தது சாம் என்று நினைவு வைத்துக்கொண்டேன்.

இதோடு மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவில் வரும் கதையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சம்பா வீழ்ந்தபோது ஓர் இளவரசன் அச்சேக்கு வந்து சேர்ந்தான் என்கிறது அது. சம்பாவின் விஜயா நகரம் வியட்நாமியரிடம் விழுந்தது 1471-இல். கதை அழகானது, ஆனால் 'சொ' பத்தியில் வையுங்கள். பிரிவு எப்போது நடந்தது என்பதில் மொழியியலாளர்களே ஒருமித்துப் பேசவில்லை. விடைத்தாளில் '1471-இல் வந்தார்கள்' என்று ஒரே போடாகப் போட்டுவிடாதீர்கள்.

அவர்கள் தங்களையே நான்கு குடிகளாகச் சொல்லிக்கொண்ட மரபு ஒன்று உண்டு: ல்ஹே ரெதோஹ், இமும் பெத், தொக் பத்தே, ஜா சண்டாங். ல்ஹே ரெதோஹ் என்றால் முந்நூறு. தொக் பத்தேயில் அதே கல் வருகிறது பாருங்கள். மொழியை முதலில் படித்தால் இப்படிப் பெயர்கள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். ஜா சண்டாங் குடியின் மூதாதையர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்வார்கள்.

இந்தியத் தொடர்புக்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது, அதுவும் தமிழில். ராஜேந்திர சோழனின் 1025 கடற்படையெடுப்பைச் சொல்லும் தஞ்சைக் கல்வெட்டில் 'கலாமுதிர்க் கடுந்திறல் இலாமுரி தேசமும்' என்று வருகிறது. இலாமுரி என்பது லாமுரி, இன்றைய அச்சே பெசார் கடற்கரையில் இருந்த துறைமுகம். பள்ளியில் கடாரத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் போன நான், அந்த மெய்க்கீர்த்தியை முழுதாகப் படித்தபோது பெயரைக் கண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பண்டா அச்சேயின் நெயுசு பகுதியில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்து அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தெற்கே, இப்போது வட சுமத்ரா மாநிலத்தில் உள்ள பாருஸில் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. கற்பூரம் வாங்கப் போனவர்கள் அவர்கள். இதற்கு மேல் போய் 'அச்சேக்காரர்கள் தமிழர் வழி' என்று எழுதாதீர்கள். கல்வெட்டு வணிகம் நடந்ததைத்தான் சொல்கிறது.

அடுத்தது இஸ்லாம். இங்கே மூன்று பயணிகளை வைத்துக்கொண்டால் போதும். 1292-இல் மார்க்கோ போலோ பெர்லாக் துறைமுக மக்கள் இஸ்லாமுக்கு மாறியிருப்பதைக் குறிக்கிறார். அதே கரையில் இருந்த இன்னொரு துறைமுக அரசான பாசாயின் முதல் சுல்தான் மாலிக் அல்-சாலேயின் கல்லறைக் கல்லில் 1297 இருக்கிறது. 1345 வாக்கில் இபின் பதூதா அங்கே வந்து, மார்க்க அறிஞர்களோடு உட்கார்ந்து விவாதிக்கும் சுல்தானைப் பார்க்கிறார். செங் ஹோவின் சீனக் கப்பல்கள் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வருகின்றன.

சுல்தான்கள் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். நான் செய்தேன், இரண்டு வாரம் வீணானது. அதற்குப் பதில் மலாக்கா நீரிணை வரைபடத்தைச் சுவரில் ஒட்டுங்கள். 1511-இல் மலாக்காவைப் போர்த்துகீசியர் பிடித்தார்கள். முஸ்லிம் வணிகர்கள் வேறு துறைமுகம் தேடினார்கள். மிளகு விளையும் அச்சே எழுந்தது. அலி முகாயத் ஷா 1520-இல் தாயா, 1521-இல் பிடி, 1524-இல் பாசாய் என்று கடற்கரையைச் சேர்த்துக்கொண்டார். 1560-களில் பீரங்கி கேட்டு இஸ்தான்புல்லுக்குத் தூது போனது. இஸ்கந்தர் முடா (1607–1636) காலத்தில் ஜொகூர், பகாங், கெடா, பேராக் எல்லாம் அச்சேயின் கைக்கு வந்தன. 1629-இல் மலாக்காவைத் தாக்கிப் பெரும் தோல்வி. வரைபடத்தில் விரல் வைத்துக்கொண்டே போனால் இவ்வளவும் ஒரே கதையாகிவிடும்.

இதற்கு அப்புறம் வருவதுதான் நான் அதிகம் நேரம் கொடுத்த பகுதி. 1641-இலிருந்து 1699 வரை தொடர்ந்து நான்கு பெண்கள் அச்சேயை ஆண்டார்கள். முதலாமவர் சஃபியத்துத்தீன், இஸ்கந்தர் முடாவின் மகள். 34 ஆண்டுகள் ஆட்சி. பழைய புத்தகங்கள் பலவும் 'பெண்கள் ஆட்சியில் அச்சே சரிந்தது' என்று ஒரு வரியில் முடித்துவிடும். அதை அப்படியே எழுதினால் எனக்குக் கோபம் வரும். 1641-இலேயே டச்சுக்காரர்கள் மலாக்காவைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்துவிட்டார்கள். பேராக் ஈயமும் மேற்குக் கரை மிளகுத் துறைமுகங்களும் அவர்கள் நெருக்கடியில் கை நழுவின. அந்தச் சூழலில் தலைநகரைப் பிறர் கைக்குப் போகவிடாமல் காத்தது சின்ன விஷயமா? அதே அரசியின் வேண்டுகோளின் பேரில் மார்க்க அறிஞர் அப்துர் ரவூஃப் அல்-சிங்கிலி மலாயில் சட்ட நூல் எழுதினார். இன்று பண்டா அச்சேயில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு 'ஷியா குவாலா' என்ற அந்த அறிஞரின் சிறப்புப் பெயர்தான். தேர்வில் காரணகாரியக் கேள்வி வந்தால் 1641-ஐ இரு பக்கமும் காட்டி எழுதுங்கள்.

அவர்களுடைய பழமொழி ஒன்றை அசலாகவே மனப்பாடம் செய்தேன். 'அதாத் பக் போ தெமெருஹோம், ஹுகோம் பக் ஷியா குவாலா, கானுன் பக் புத்ரோ பாங், ரெசாம் பக் லக்சமானா.' வழக்காறு மறைந்த மாமன்னரிடம், மார்க்கச் சட்டம் ஷியா குவாலாவிடம், அரச விதி பகாங் இளவரசியிடம், ஊர் நடைமுறை கடற்படைத் தளபதியிடம். மாமன்னர் என்பது இஸ்கந்தர் முடாவைத்தான். பகாங் இளவரசி அவர் மனைவி. அவளுடைய ஊர் ஏக்கம் தீர மலைபோல் கட்டிக் கொடுத்தது என்று சொல்லப்படும் வெள்ளைக் கட்டடம் குனோங்கான் இன்றும் நிற்கிறது. ஆட்சி, சமயம், பெண், ஊர் என்று நான்கு கேள்விக்கும் இந்த ஒரு பழமொழியைப் பிடித்து விடை எழுதலாம்.

டச்சுப் போரைச் சுருக்கமாகப் படியுங்கள், ஏனென்றால் அதற்குத்தான் புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன, அதில் இறங்கினால் மேலே வர முடியாது. ஆங்கிலேயரும் டச்சுக்காரர்களும் செய்துகொண்ட 1824 லண்டன் ஒப்பந்தம், 1871 சுமத்ரா ஒப்பந்தம், 1873 மார்ச் 26 போர்ப் பிரகடனம், ஏப்ரல் 14 பைத்துர் ரஹ்மான் பள்ளிவாசலில் டச்சுத் தளபதி கொலர் சுடப்பட்டது, 1903 சுல்தான் சரண். காட்டுக்குள் போராடிய வீராங்கனை சுட் ஞா தின் 1908-இல் ஜாவாவின் சுமெடாங்கில், நாடு கடத்தப்பட்ட நிலையில் இறந்தார். அவருக்கு மட்டும் ஒரு பத்தி கொடுங்கள். பினாங்குக்காரர்கள் இன்னொன்றும் சேர்க்கலாம்: அச்சே மிளகு இந்த ஊர் வழியாகத்தான் போனது, போராட்டத்துக்கு ஆதரவு திரட்டிய எட்டுப் பேர் குழுவும் இங்கேதான் இயங்கியது.

பண்பாட்டுக்கு வருவோம். உடை, உணவு, நடனம் என்று தலைப்புப் போட்டுப் படித்தால் சுற்றுலாக் கையேடு மாதிரிதான் வரும். நான் அவர்கள் மாதப் பெயர்களை வைத்துப் படித்தேன். இஸ்லாமிய மாதங்களுக்கு அச்சேக்காரர்கள் தங்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆறாவது, ஏழாவது, எட்டாவது மாதங்கள் 'கந்தூரி போஹ் காயே', 'கந்தூரி அப்பாம்', 'கந்தூரி பு'. அதாவது பழக் கந்தூரி, அப்பக் கந்தூரி, சோற்றுக் கந்தூரி. நாகூர்க் கந்தூரி தெரிந்தவர்களுக்கு முதல் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

அந்த அப்பத்தை நான் பார்த்தது கெடாவின் யான் வட்டாரத்தில், கம்போங் அச்சேயில். டச்சுப் போரின்போது கடல் தாண்டி வந்தவர்களின் ஊர் அது. தோழியின் பாட்டி முற்றத்தில் மண்சட்டி வைத்து, காய்ந்த தென்னை ஓலையை ஒவ்வொன்றாக அடியில் செருகிக்கொண்டிருந்தார். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கலந்த மாவை ஒரு கரண்டி ஊற்றி மூடினார். திறந்தபோது மேலே சின்னச் சின்னக் கண்கள், அடியில் பொன்னிறம். எங்கள் அம்மா சுடுகிற ஆப்பத்தை விடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். வாழைப்பழமும் பலாச்சுளையும் போட்ட தேங்காய்ப்பாலை ஊற்றிக் கொடுத்தார். "எங்கள் வீட்டிலும் இதுதான், பெயரும் இதுதான்" என்றேன். பாட்டி தோழியைப் பார்த்து, "அப்படியென்றால் இவளுக்கு இன்னொன்று வை" என்றார். பக்கத்திலேயே கறிவேப்பிலைக் கன்று. கோழியைக் கறிவேப்பிலையோடு பொரிக்கும் ஆயாம் தங்காப் அவர்களுடைய பேர்போன பதார்த்தம்.

அந்த வீட்டிலேயே இன்னொன்றும் தெரிந்தது. மனைவியை அச்சேயில் 'போ ருமோஹ்' என்பார்கள், வீட்டுக்கு உடையவள் என்று பொருள். மகளுக்குக் கல்யாணம் ஆனால் பெற்றோர் வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். ஆண்கள் மிளகுக்கும் வணிகத்துக்கும் ஊர் ஊராகப் போன சமூகத்தில் வீடு பெண்ணிடம் இருந்தது. நான்கு அரசிகளைப் பற்றி எழுதும்போது இதையும் பக்கத்தில் வைத்தேன். பயணம் புறப்படுபவர், புது வீடு, புது மணமக்கள் எல்லாருக்கும் 'பெசிஜுக்' செய்வார்கள். இலைக்கட்டால் மாவு கரைத்த தண்ணீர் தெளித்து, அரிசி தூவி, பசையரிசிச் சோறு வைப்பது. 'சிஜுக்' என்றால் குளிர்ச்சி. மனசு குளிர வாழ்த்துவது என்று நாம் சொல்வதைத்தான் அவர்கள் கையால் செய்கிறார்கள்.

ஒரு பிழையை மட்டும் கட்டாயம் தவிர்த்துவிடுங்கள். யுனெஸ்கோ 2011-இல் பட்டியலிட்ட சமான் நடனம் அச்சே மாநிலத்தில் இருக்கிறது, ஆனால் அது காயோ மக்களுடையது. அச்சே மக்களுடையது செயுடாதி. மாநிலம் வேறு, மக்கள் வேறு. 2004 சுனாமியின்போது 'ஸ்மோங்' என்ற பழைய சொல்லைக் கேட்டு மலைக்கு ஓடித் தப்பிய சிமெயுலுவே தீவினரும் அதே மாநிலத்துக்காரர்கள்தான், மொழி வேறு.

அண்மைக் காலத்துக்கு ஒரு பக்கம் போதும்: இந்தோனேசிய அரசுக்கு எதிரான 1953 கிளர்ச்சி, 1976 டிசம்பர் 4-இல் ஹசன் டி திரோ தொடங்கிய விடுதலை இயக்கம், 2004 டிசம்பர் 26 சுனாமி, அந்த இயக்கமும் அரசும் 2005 ஆகஸ்ட் 15-இல் செய்துகொண்ட ஹெல்சிங்கி அமைதி உடன்பாடு.

நூலகத்தில் தேடும்போது எழுத்துக்கூட்டல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர் பதிவுகளில் அச்சின், அச்சீன் என்று இருக்கும், டச்சுப் பதிவுகளில் அத்ஜே. பண்டா அச்சேயை டச்சுக்காரர்கள் கூத்தராஜா என்றார்கள். இது தெரியாமல் ஒரு மாதம் பாதி நூல்கள் என் கண்ணில் படவே இல்லை.

நேர்முகத்தில் கடைசிக் கேள்வி, "இவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்?" என்பது. மொழி சம்பா பக்கம் காட்டுகிறது, கல்வெட்டு வங்கக் கடல் வணிகத்தைக் காட்டுகிறது, கல்லறைக் கல் இஸ்லாமைக் காட்டுகிறது, மூன்றும் வெவ்வேறு காலம் என்றேன். நான்கு எழுத்துக் கதையையும் சொன்னேன், அது மக்கள் தங்களைப் பற்றி விரும்பிச் சொல்லிக்கொள்வது என்ற குறிப்போடு. நேர்முகம் எடுத்தவர் தலையாட்டிவிட்டு, "ஜாவி படிப்பீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அந்தக் காலத்து அச்சே எழுத்தெல்லாம் அரபு வரிவடிவத்தில் எழுதிய ஜாவிதான், அதைப் படிக்காமல் மூல ஆவணத்துக்குப் போக முடியாது. இந்தத் தலைப்பை எடுப்பவர்கள் முதல் மாதமே ஜாவி எழுத்தைத் தொடங்கிவிடுங்கள். நான் இப்போதுதான் தினமும் ஒரு பக்கம் என்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.